கண்ணீர்ப் படலம் உடையும் நேரம் நிலையாக வரவில்லை, உதவி தேவை

திருநெல்வேலி பக்கம் ஒரு சின்ன கண் கிளினிக்கில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். கண் உலர்வுக்கு வரும் ஐம்பது வயது அம்மா ஒருவருக்கு மாலையானால் எரிச்சல், பார்வை மங்கல். படலம் உடையும் நேரம் (கண் சிமிட்டிய பிறகு கண்ணீர்ப் படலத்தில் முதல் இடைவெளி விழும் வரை ஆகும் நொடிகள்) ஒரே கண்ணில், ஒரே அமர்வில் 4 நொடி, 9, அப்புறம் 6 என்று வருகிறது. 10 நொடிக்குக் கீழே, அதாவது இயல்பைவிடக் குறைவு என்பது சரி, ஆனால் சொட்டு மருந்து கேட்கிறதா என்று இதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஃப்ளோரசின் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையை சலைனில் நனைத்து, நன்றாக உதறிவிட்டுத்தான் தொடுகிறேன். நீல ஒளி, மஞ்சள் ஃபில்டர், மின்விசிறி அணைப்பு எல்லாம் பார்த்தாயிற்று. கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று காகிதப் பட்டையால் அளக்கும் ஷிர்மர் சோதனையையும் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். சாயமே படலத்தைக் குலைக்கும் என்பதால் அதைக் கைவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்குக் கையில் இருப்பது, ஒளி வளையங்களைக் கருவிழியில் பிரதிபலிக்க வைத்து அதன் வளைவை அளக்கும் பழைய கெரட்டோமீட்டர் மட்டும்.

சாயம் போடாமல், கெரட்டோமீட்டரின் வளையப் பிம்பம் கலையும் நொடியை எண்ணுகிறவர்களே, உங்களுக்கு அளவு நிலையாக வருகிறதா?