லாம்டா ஃபங்ஷனை லோக்கலில ஓட்டினால் பிழை விவரம் வருகுதில்லை

கேள்வி:
யாழ்ப்பாணம்–பருத்தித்துறை பஸ் நேரம் குடுக்கிற நோட் ஜேஎஸ் லாம்டா ஃபங்ஷன் (அமேசன் கிளவுட்டில ஓடுற சின்ன நிரல்). சாம் எண்ட கருவியால என்ர கணினியிலயே, லோக்கலில, ஏபிஐயை ஓட்டினால் 502 எண்ட சேர்வர் பிழை வருது. கேட்ச்சுக்குள்ள (பிழையைப் பிடிக்கிற பகுதி) எழுதின லொக்கில வெறும் {} தான் கிடக்கு. எந்த வரியில பிழை எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

மறுமொழி 1:
அந்த {} தான் துப்பு. பிழையை ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை பண்ணி (JSON.stringify, ஒப்ஜெக்டை எழுத்தாக மாத்திறது) எழுதியிருக்கிறியள் போல. எரரின்ர மெசேஜும் ஸ்டாக்கும் (பிழை எந்த வரிகளால வந்தது எண்ட விவரம்) அப்பிடி மாத்தேக்க எண்ணப்படாத பண்புகள், அதால விழுந்துபோகும். கொன்சோல் எரருக்குப் பிழையை அப்பிடியே குடுங்கோ, வரி இலக்கத்தோட வரும். 502 வேற விசயம்: கேட்ச்சில ரிட்டேர்ன் இல்லாட்டி வெறுமைதான் திரும்பிப் போகும். ஸ்டேட்டஸ் கோடும் பொடியும் (body, மறுமொழியின்ர உள்ளடக்கம்) வைச்சு அனுப்புங்கோ. பொடி கட்டாயம் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) இருக்கவேணும். லோக்கல் பொறுத்தாலும் கிளவுட் பொறுக்காது.

கேட்டவர்:
ஸ்டாக் வந்திட்டுது அண்ணை! ஆனா நான் எழுதின டைப்ஸ்கிரிப்ட் கோப்பில பிழை 40ஆம் வரியில, ஸ்டாக் காட்டுறது 2113.

மறுமொழி 2:
அது ஈஎஸ்பில்ட் எண்ட கருவி உங்கட கோட்டை மாத்தி ஒண்டாக்கின கோப்பின்ர வரி. சாம் டெம்ப்ளேட்டில ஈஎஸ்பில்டுக்கு சோர்ஸ்மாப்பை (ஒண்டாக்கின வரியை மூல வரியோட பொருத்திற கோப்பு) ட்ரூ ஆக்கி, நோட் ஒப்ஷன்ஸ் (NODE_OPTIONS) எண்ட சூழல் மாறியில சோர்ஸ் மாப்பை இயக்குற கொடியைப் போடுங்கோ. பிறகு சாம் பில்ட் திரும்ப ஓட்டவேணும், இல்லாட்டி பழைய கோட்தான் ஓடும். மாறியைத் தனி ஜேசன் கோப்பில மட்டும் எழுதினால் எடுபடாது, டெம்ப்ளேட்டிலயும் பேர் இருக்கவேணும்.