ஹோவர்ட் குடும்பம் நிலைத்தது கொள்கையாலா, தந்திரத்தாலா?

திருமாறன்:
1483-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டிடம் நார்ஃபோக் டியூக் என்ற உயர் பிரபுப் பட்டம் பெற்ற ஜான் ஹோவர்டின் வழியினரிடமே அப்பட்டம் இன்றும் இருக்கிறது. 2022-இல் இரண்டாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்கையும் 2023-இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவையும் ஏற்பாடு செய்தவர் பதினெட்டாம் டியூக்தான். இவர்களைக் கத்தோலிக்க நெறிக்காகத் துன்புற்ற குடும்பம் என்று போற்றுவது வழக்கமாகிவிட்டது. என் பார்வையில் இவர்கள் காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டவர்கள். மூன்றாம் டியூக்கைப் பாருங்கள்: 1536-இல் தங்கை மகளும் எட்டாம் ஹென்றியின் அரசியுமான ஆன் போலினின் விசாரணைக்குத் தலைமை தாங்கி மரண தண்டனையை வாசித்தார்; தம்பி மகள் கேத்தரின் 1540-இல் அரசியானபோது செல்வாக்குப் பெற்று, அவள் வீழ்ந்ததும் அவளைக் கைவிட்டு மன்னருக்குக் கடிதம் எழுதினார்; 1547-இல் சொந்த மகனின் குற்றத்தை மறைத்ததாக வாக்குமூலத்தில் கையொப்பமும் இட்டார்.

நிலவழகி:
ஒருவரை வைத்துக் குடும்பத்தை எடைபோடுகிறீர்கள், ஐயா. அந்த மகன், கவிஞரான சர்ரே ஏர்ல் (டியூக்கிற்குக் கீழான பிரபுப் பட்டம்) ஹென்றி, பழைய மன்னர் எட்வர்ட் தி கன்ஃபெஸரின் சின்னத்தைத் தம் கேடயத்தில் பொறித்து அரியணைக்கு உரிமை காட்டினார் என்பதற்காகத் தலை வெட்டப்பட்டார். தந்தையின் தலை தப்பியது, 1547 ஜனவரி 28 அதிகாலையில் எட்டாம் ஹென்றி இறந்ததால் மட்டுமே. அதன் பிறகும் 1553 வரை அவர் லண்டன் கோபுரச் சிறையில் கிடந்தார். இவ்வளவுதான் தந்திரத்தின் பலன் என்றால், அது நல்ல தந்திரமே அன்று.

சர்ரேயின் பேரன் பிலிப்பை நீங்கள் குறிப்பிடவே இல்லை. 1585-இல் நாட்டை விட்டு வெளியேற முயன்று பிடிபட்ட அவர், ஒரே ஒருமுறை புராட்டஸ்டண்ட் அரசுத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வந்தால் மனைவியையும் மகனையும் பார்க்கலாம் என்று சொல்லப்பட்டபோதும் மறுத்து, 1595-இல் சிறையிலேயே இறந்தார். 1970-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. பின்வந்தவர்களும், கத்தோலிக்கருக்கு இடமில்லாத பிரபுக்கள் சபையைத் தலைமுறை தலைமுறையாக இழந்து நெறியைக் காத்தார்கள்.

திருமாறன்:
பிலிப்பின் உறுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் 1572-இல் வெட்டப்பட்ட அவருடைய தந்தை, நான்காம் டியூக், தம்மைப் புராட்டஸ்டண்ட் என்றே சொல்லி இறந்தார். பிலிப்பின் ஒரே மகன் அரசுத் திருச்சபையில் சேர்ந்து, பளிங்குச் சிலைகள் சேகரித்துப் புகழ்பெற்றார். ஏழாம் டியூக் 1679-இல் அத்திருச்சபைக்கு மாறினார். பதினொன்றாமவர் 1780-இல் மாறி மக்கள் சபைக்குள் நுழைந்தார். தாங்கள் சொல்லும் நெறிக்காப்பு அடிக்கடி விடுப்பு எடுத்திருக்கிறது.

சுவடிப்பித்தன்:
இருவரும் மனிதர்களின் குணத்தையே ஆராய்கிறீர்கள். எனக்கு அதைவிட நிலமும் சட்டமும் முக்கியமாகப் படுகின்றன. 1572-இல் டியூக் பட்டம் பறிபோனபோதும், பிலிப்புக்குத் தாய்வழிப் பாட்டனாரிடமிருந்து 1580-இல் அருண்டெல் ஏர்ல் பட்டம் வந்து சேர்ந்தது, ஏனெனில் அது ஃபிட்ஸாலன் குடும்பத்துச் சொத்து. 1627-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அருண்டெல் கோட்டையையும் அதன் நிலங்களையும் அந்த ஏர்ல் பட்டத்தோடு பிணைத்ததால், எந்த வாரிசும் அவற்றைத் தன் விருப்பப்படி விற்றுத் தீர்க்க இயலவில்லை. 1660-இல் டியூக் பட்டம் மீட்டளிக்கப்பட்டபோது அதைப் பெற்றவர், மனநலம் குன்றி இத்தாலியின் பாதுவா நகரில் பிறர் பராமரிப்பில் இருந்தார். அவரிடம் கொள்கையும் தேட முடியாது, தந்திரமும் தேட முடியாது.

நிலவழகி:
சட்டம் தானாக இரங்காது, நண்பரே. 1604-இல் முதலாம் ஜேம்ஸ் பிலிப்பின் மகனுக்கு, பிலிப்பின் தண்டனையால் பறிபோயிருந்த அருண்டெல் பட்டத்தைத் திருப்பித் தந்ததற்கு, நான்காம் டியூக் அம்மன்னரின் தாயான ஸ்காட்லாந்து அரசி மேரியின் பொருட்டு உயிரிழந்தார் என்ற நினைவும் ஒரு காரணம். திருமாறன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. 1680-இல் பொய்ச் சாட்சியத்தின் பேரில் கத்தோலிக்கரான ஸ்டாஃபோர்ட் பிரபு வில்லியம் ஹோவர்ட் ராஜதுரோகக் குற்றம் சாட்டப்பட்டபோது, பிரபுக்கள் சபையில் இருந்த ஹோவர்ட் உறவினர்கள் ஒருவரைத் தவிர அனைவரும் அவரைக் குற்றவாளி என்றே வாக்களித்தார்கள். குற்றமற்றவர் என்று சொன்ன அந்த ஒருவர், முந்தைய ஆண்டு சமயம் மாறியதாக நீங்கள் பட்டியலிட்ட, பின்னாளில் ஏழாம் டியூக்கான அதே மனிதர். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?