வி-கிராஸ்: 4 இன்ச் லிஃப்ட் தேவையா?

தாண்டிக்குடிக்காரன்:
இசுசு வி-கிராஸ் பிக்கப், பழைய மாடல். டயர் 255/65 ஆர்17. காபித் தோட்டத்துக்குப் போற மண்பாதையில மழை பெஞ்சா சக்கரத்தடம் குழிஞ்சு, நடுத்திட்டு அடியில உரசுது. பின்னாடி மூட்டையும் ஏறும். கடைக்காரர் 4 இன்ச் லிஃப்ட் (சஸ்பென்ஷனை உயர்த்துறது), இன்னும் பெரிய 285/70 டயர்ங்கிறார். பார்க்க கம்பீரம்தான், ஆனா கொண்டை ஊசி வளைவுல இறங்கணுமே?

கோவை டீசல்:
எங்க உரசுதுங்க? பின் அச்சு நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் உருண்டைன்னா லிஃப்ட் போட்டும் பிரயோஜனமில்ல. லிஃப்ட் பாடியைத்தான் தூக்கும், அச்சைத் தூக்குறது டயர் மட்டுமே.

தாண்டிக்குடிக்காரன்:
அதேதான் அண்ணே. அங்கதான் கீறல்.

கோவை டீசல்:
அப்போ 265/70 ஆர்17 ஆல்-டெரைன் (ரோடு, மண் ரெண்டுக்குமான டயர்) போடுங்க. விட்டம் 763 மி.மீ.ல இருந்து 803 ஆகும், அச்சு 20 மி.மீ. உயரும். மீட்டர் 100 காட்டினா நிஜத்துல 105, ஞாபகம் வைங்க. வீல் ஆர்ச்ல இடம் வேணும்னா 2 இன்ச் லிஃப்ட் போதும். வெறும் ஸ்பேசர் (உயரத்துக்கு வைக்கிற கட்டை) வேண்டாம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்த்தே மாத்துங்க. 4 இன்ச்னா முன் சக்கரத்தைச் சுத்துற அச்சுல இருக்கிற சி.வி. ஜாயிண்ட் கோணம் ஏறி, அதை மூடுற ரப்பர் பூட் கிழியும். பின்னாடி மூட்டைக்கு ஏத்த ஸ்பிரிங் பட்டை போடுங்க. முடிஞ்சதும் அலைன்மெண்ட் கட்டாயம்.

மலைப்பாதை:
வீல் பழசே இருக்கட்டும். வெளியே துருத்துற வீல் போட்டா பேரிங்கைத் தின்னும், சேறும் கதவெல்லாம் அடிக்கும். வண்டியில மாற்றம் பண்றதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் பாருங்க, செக்கிங்ல பெரிய டயர்தான் முதல்ல கண்ணுல படும்.

தாண்டிக்குடிக்காரன்:
சரி, முதல்ல டயர் மட்டும். ஸ்டெப்னியும் அதே சைஸ்ல வாங்கிடறேன்.