காசிக்குத் தனியாகக் கிளம்பும் 67 வயது: பத்துப் பேர் குழுவோடு போகலாமா?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் தஞ்சாவூர், வயது 67. தபால் ஆபீசில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் தவறி மூன்று வருடம் ஆகிறது. காசி, பிரயாகை, கயா மூன்றும் சேர்த்துப் போய்வர வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம். பெண் கல்யாணம் முடியட்டும், மாடி கட்டி முடியட்டும் என்று தள்ளிப் போட்டுவிட்டோம். இப்போது நான் மட்டும் போக வேண்டும். பையன் புனேயில் இருக்கிறான், அவனுக்குப் பத்து நாள் லீவு கிடைக்காது. தனியாகப் போகிறேன் என்றால் போனிலேயே சத்தம் போடுகிறான்.

விசாரித்ததில் இரண்டு விதம் தெரிந்தது. ஒன்று, 45 பேர் போகும் யாத்திரை. ரயிலில் போய், நாலைந்து பேராக ஒரு அறையில் தங்க வேண்டும், சமையல்காரர் கூடவே வருவார். இன்னொன்று, 10 பேர் மட்டும் போகும் சிறு குழு. நல்ல ஹோட்டல், வேன். கட்டணம் முதலாவதைப் போல இரண்டு மடங்கு, தனி அறை வேண்டுமென்றால் அதற்கும் மேலே. எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. வலது முழங்கால் படி இறங்கும்போது படுத்தும். இந்தி விலை கேட்கும் அளவுக்குத்தான் வரும். மனசு சிறு குழுவின் பக்கம் சாய்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்ஷனர்_71:
அம்மா, இரண்டுமே வேண்டாம். தனியாகப் போங்கள். நான் நான்கு முறை போயிருக்கிறேன், கடைசி இரண்டு முறை தனியாக. காசி நமக்கு அந்நிய ஊர் இல்லை. கோதோலியா பக்கத்தில் நகரத்தார் சத்திரம் 1863லிருந்து நடக்கிறது. இன்றைக்கும் அங்கிருந்துதான் தினமும் விசுவநாதருக்குப் பூஜைச் சாமான் "சம்போ" சொல்லிக்கொண்டு போகிறது. கேதார் காட் என்ற படித்துறையில் குமாரசாமி மடம் இருக்கிறது. அனுமான் காட் படித்துறைப் பக்கம் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழும், பாரதியார் இளம் வயதில் இருந்த வீடு அங்கேதான்.

ரயிலைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இது பலருக்குத் தெரியவில்லை. 45 வயது தாண்டிய பெண் தனியாகவோ, தகுதியுள்ள இன்னொருவரோடு மட்டுமோ டிக்கெட் எடுத்தால் கீழ்ப் படுக்கைக்கென்று ஓர் ஒதுக்கீடு உண்டு. நாலைந்து பேராகச் சேர்த்து எடுத்தால் அது கிடைக்காது. முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது, ஆனால் இது இருக்கிறது. 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும். அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். குழுவில் போனால் யாரோ போட்டுக் கொடுத்த மேல் படுக்கையில் முழங்காலோடு ஏறி இறங்க வேண்டியதுதான்.

கோவை_மகள்:
ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நீங்கள் ஆண். வயதான பெண் தனியாக ஒரு லாட்ஜ் வாசலில் பையோடு நின்றால் முதலில் கேட்பது "கூட யார்?" என்றுதான். என் அம்மாவுக்கு 69. இரண்டு வருடம் முன்பு ஒரு கோயில் ஊரில் மூன்று இடத்தில் ஏறி இறங்கினார். தனி ஆளுக்கு ரூம் கிடையாது என்று மூன்று இடத்திலும் சொல்லிவிட்டார்கள். கையில் பணம் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, ஆனாலும் இரண்டு மணி நேரம் ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

அதன் பிறகுதான் ஒன்பது பேர் குழுவில் காசிக்கு அனுப்பினேன். விடியற்காலைப் படகு. சாமி பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று அம்மா வெறும் வயிற்றோடு, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். படகை விட்டு இறங்கிப் பத்துப் படி ஏறியதும், கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வந்ததையும் பை ஜிப்பை மூட முடியாமல் விரல் நடுங்கியதையும் கூட வந்த பையன் கவனித்துவிட்டான். படியிலேயே உட்கார வைத்து, மண் குவளையில் டீ வாங்கி, இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போடச் சொல்லிக் குடிக்க வைத்திருக்கிறான். 45 பேரில் ஒருவர் விரல் நடுங்குவதை யார் பார்ப்பார்கள்? இரண்டு மடங்கு கட்டணம் ஹோட்டலுக்கு இல்லை, இதற்குத்தான்.

மாயவரம்_அக்கா:
மகளே, அந்தப் பையன் நல்லவன், அவனுக்குப் புண்ணியம். ஆனால் சிறு குழுவில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. அதை யாரும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்.

நானும் ஒன்பது பேர் குழுவில்தான் போனேன். என் வீட்டுக்காரர் தவறிய மறு வருடம். நான்கு தம்பதி, ஒன்பதாவது ஆள் நான். எல்லோரும் நல்ல மனுஷர்கள், ஒரு குறை சொல்ல முடியாது. பிரயாகையில் வேணி தானம் வந்தது. மனைவியை உட்கார வைத்துக் கணவர் தலை வாரிப் பின்னிப் பூ வைத்து விடுவார். நுனி முடியைக் கத்தரித்துச் சங்கமத்தில் போடுவார்கள். மிதக்க வேண்டிய முடி அங்கே மட்டும் மூழ்கும் என்பார்கள். நான்கு ஜோடியும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வாழ்நாளில் சீப்பையே தொடாத ஒரு மனுஷர் கை நடுங்கப் பின்னல் போட்டதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நான் எட்டுப் பேரின் போனையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. சும்மா இருப்பது நான் ஒருத்திதானே என்று கொடுத்தார்கள். சாப்பாட்டு மேஜையிலும் அப்படித்தான். நான்கு பேர் உட்காரும் மேஜையில் ஐந்தாவது நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

இரண்டு வருடம் கழித்துப் பெரிய யாத்திரையில் போனேன். 42 பேரில் தனியாக வந்த பெண்கள் பதினோரு பேர். முதல் ராத்திரி ரயிலிலேயே நாங்கள் ஒரு செட்டாகிவிட்டோம். ஒருத்திக்குக் கால் வலி என்றால் இன்னொருத்தி தைலம் எடுப்பாள். இன்றைக்கும் வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறோம். பெரிய குழுவில் பிடித்தவரோடு சேர்ந்துகொள்ளலாம், பிடிக்காதவரை விட்டு விலகலாம். பத்துப் பேருக்குள் விலகிப் போக இடம் இல்லை.

காவிரிக்கரை:
அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மேலே படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். நான் இதை யோசிக்கவே இல்லை. பத்துப் பேர் என்றால் கவனிப்பு இருக்கும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

கோவை_மகள்:
அக்கா, மனசு கனத்துப்போனது. ஆனால் அது எண்ணிக்கையின் குற்றம் இல்லையே. யார் யார் வருகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டால் தீர்ந்தது. பெரிய குழுவின் கஷ்டத்தையும் பாருங்கள். விசுவநாதர் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2021 டிசம்பரில் புது வளாகம் திறந்த பிறகு வழியும் வாசலும் மாறிவிட்டன. கூட்டத்தில் 45 பேரில் ஒருவர் வேறு வாசலில் வெளியே வந்துவிட்டால் கூப்பிட்டுச் சொல்ல வழி இல்லை, விசாரிக்க இந்தியும் இல்லை. முழங்கால் வலிக்கிறவர் வேகமாக நடந்து தேடவும் முடியாது.

பென்ஷனர்_71:
அந்தப் போன் விஷயம் தனியாகப் போகிறவருக்குப் பிரச்சினையே இல்லை, தேட ஆளும் இல்லை, தொலைந்து போகக் குழுவும் இல்லை. கிண்டலாகச் சொல்லவில்லை. தன் வேகத்தில் நடந்து, களைத்தால் உட்கார்ந்து, போன வழியே திரும்பி வரலாம். சிறு குழுவின் அட்டவணையைப் பார்த்தீர்களா? காசிக்கு ஒன்றரை நாள். காலையில் படகு, மத்தியானம் சாரநாத், சாயங்காலம் தசாசுவமேத படித்துறையில் ஆரத்தி, மறுநாள் கிளம்பு. எங்கள் வீட்டில் காசியில் மூன்று ராத்திரி தங்க வேண்டும் என்பார்கள். முப்பது வருடம் காத்திருந்த ஊருக்குப் போய் ஒன்றரை நாளில் திரும்புவதா?

அறை விஷயமும் எனக்கு ஒப்பவில்லை. படுக்காத இன்னொரு கட்டிலுக்கு எதற்குக் காசு?

வேன்_அமைப்பாளன்:
நான் பன்னிரண்டு வருடமாகச் சிறு குழுக்களை அழைத்துப் போகிறேன். இங்கே விளம்பரம் செய்ய வரவில்லை, நிறுவனப் பெயரும் சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கம் நடப்பதைச் சொன்னால் அம்மாவுக்கு உதவும்.

ஐயா கேட்ட அறைக் கணக்கு இதுதான். ஹோட்டல்காரர் அறைக்குத்தான் வாடகை வாங்குவார், ஆளுக்கு இல்லை. விளம்பரத்தில் இருக்கும் கட்டணம் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் வருவது. அறிமுகம் இல்லாத இன்னொரு பெண்ணோடு பகிர்ந்துகொள்ள வைக்கச் சில அமைப்பாளர்கள் ஏற்பாடு செய்வார்கள். அப்படியானால் கிளம்புவதற்கு முன் அந்த அம்மாவோடு ஒருமுறை போனில் பேசிவிடுங்கள். ஒருவர் மூன்று மணிக்கு எழுந்து விளக்குப் போடுவார், இன்னொருவருக்கு டிவி ஓடினால்தான் தூக்கம் வரும். எட்டு ராத்திரியும் இப்படி என்றால் யாத்திரையே கசந்துவிடும்.

பத்துப் பேர் என்று போட்டிருப்பது பல நேரம் ஆசைதான். ஆள் சேராவிட்டால் தேதியை மாற்றுவார்கள், இல்லையென்றால் இன்னொரு குழுவோடு சேர்த்துவிடுவார்கள். எத்தனை பேர் இருந்தால் கட்டாயம் கிளம்புவீர்கள், ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வேனில் கடைசி வரிசை தூக்கிப் போடும். முன் இருக்கை வேண்டுமென்று பணம் கட்டும்போதே சொல்லுங்கள், ஏறின பிறகு கேட்டால் சண்டையாகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று. கடைசியாக நடந்து வருகிறவரோடு யார் வருவார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான குழுக்களில் வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார், பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். பத்துப் பேருக்கு இரண்டு ஆள், ஒருவர் முன்னே ஒருவர் பின்னே என்றால் அது சரியான குழு. கோவை அம்மாவின் விரல் நடுங்கியதைப் பார்த்த பையன் நிச்சயம் பின்னால் வந்தவனாகத்தான் இருப்பான்.

கோவை_மகள்:
ஆமாம், அவன் பின்னால் வந்தவன்தான். அம்மா சொல்லியிருக்கிறார்.

மாயவரம்_அக்கா:
தம்பி நன்றாகச் சொன்னார். நானும் ஒன்று சேர்க்கிறேன். கயாவில் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பல்குனி நதிக்கரை, விஷ்ணு பாதம் கோயில், அட்சயவடம் என்கிற ஆலமரம் என்று மூன்று இடத்தில் போனவர்களுக்குக் காரியம். அரை நாள் பிடிக்கும். நான் போன சிறு குழுவில் மற்றவர்களுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. வேனில் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே நான் அட்சயவடத்தில் அவசர அவசரமாகச் செய்தேன். இரண்டாவது முறை போனதே அதற்காகத்தான்.

பிள்ளை வராமல் எப்படி என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். சீதை பல்குனி மணலை எடுத்துத் தசரதருக்குப் பிண்டம் வைத்த ஊர் அது. அந்தக் கதையைச் சொல்லித்தான் புரோகிதர் என் கையாலேயே செய்ய வைத்தார். முன்பெல்லாம் மணலைத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். 2022ல் ரப்பர் அணை கட்டிய பிறகு கரையிலேயே தண்ணீர் நிற்கிறது, உங்கள் காலுக்கு அது சௌகரியம்.

பென்ஷனர்_71:
கயாவுக்கு ஆள் துணை நல்லது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே ரயிலடியிலிருந்தே ஆட்கள் மொய்ப்பார்கள், பேரம் பேச இந்தி வேண்டும். ஆனால் காசிக்கு வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்கிறேன்.

காவிரிக்கரை:
நான்கு நாளாக இரண்டு அமைப்பாளர்களிடம் பேசினேன். தம்பி சொன்ன கேள்விகளைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். முதல் ஆள் "யார் வருகிறார்கள் என்று சொல்லக் கூடாது மேடம்" என்று முடித்துவிட்டார். பெயர் வேண்டாம், தம்பதியா தனியாளா என்றாவது சொல்லுங்கள் என்றேன். அதற்கும் பதில் இல்லை.

இரண்டாவது அமைப்பாளர் பொறுமையாகச் சொன்னார். இதுவரை எட்டுப் பேர். இரண்டு தம்பதி, மதுரையிலிருந்து அக்கா தங்கை இருவர், என்னைப் போலத் தனியாக வருகிற ஓர் அம்மா, மனைவியை இழந்த ஒரு பெரியவர். பின்னால் வர ஓர் ஆள் உண்டாம். கயாவில் முழு நாள். கார்த்திகைப் பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பிறகு, மூடுபனி பிடித்து ரயிலெல்லாம் மணிக்கணக்கில் தாமதமாகும் முன் போய்வந்துவிடுவார்களாம். அந்தத் தனி அம்மா திருச்சிக்காரர். நேற்று முக்கால் மணி நேரம் பேசினோம். அவர் மூன்றரைக்கு எழுந்துகொள்வாராம், நான் நான்கு மணி. ஒரே அறையில் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

ஐயா, உங்கள் பேச்சையும் விடவில்லை. குழு திரும்பும்போது நான் திரும்பவில்லை. திரும்பி வரும் டிக்கெட்டை நானே தனியாக எடுக்கப் போகிறேன், கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டில். அதற்கு முன் காசியில் இன்னும் இரண்டு ராத்திரி. சத்திரத்தில் முன்கூட்டியே பேசி, தனியாக வரும் பெண் என்பதையும் சொல்லி உறுதி செய்துகொண்டுதான் கிளம்புவேன். பையனிடம் இந்த இரண்டு நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்ல வேண்டும்.

பென்ஷனர்_71:
அம்மா, ரொம்ப சந்தோஷம். கேதார் காட் படி செங்குத்தாக இருக்கும், காலையில் ஒருமுறை இறங்கினால் போதும். படகில் போய் அடுத்த படித்துறையில் இறங்கிக்கொள்ளலாம், படகுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மாயவரம்_அக்கா:
பிரயாகையில் அந்த இரண்டு தம்பதியும் உட்காரும்போது திருச்சி அம்மாவும் நீங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருங்கள். யார் பையையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அப்புறம், கயாவில் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலையை இனி தொடுவதில்லை என்று விட வேண்டும். நமக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். என்ன விடப் போகிறீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள், அங்கே போய்த் தடுமாறக் கூடாது.

காவிரிக்கரை:
பழம் நாவல், இலை ஆலிலை என்று வைத்திருக்கிறேன். காய்தான் தெரியவில்லை. கத்தரிக்காய் அவருக்கு உயிர், எனக்கும் அதுதான் பிடிக்கும். அதை விட்டுவிட்டால் அவருடைய திதிக்கு என்ன சமைப்பது அக்கா?

மாயவரம்_அக்கா:
அப்போது கத்தரிக்காயை வைத்துக்கொள்ளுங்கள். பாகற்காய் பிடிக்குமா?