பனியாற்றின் கணக்கு: 'நிறைச் சமநிலை'யா, 'நிறை வரவுசெலவா'?

வணக்கம்.

பனியாறுகளை, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்களை, ஆராயும் பனியாற்றியலின் சொற்பட்டியலில் 'நிறைச் சமநிலை' (mass balance) என்பதை அப்படியே ஏற்கலாம் என்ற கருத்துடன் என்னால் உடன்பட இயலவில்லை. ஓராண்டில் பனியாற்றின் மேல் சேர்ந்த பனியிலிருந்து, உருகியும் ஆவியாகியும் ஏரியில் உடைந்து விழுந்தும் போனதைக் கழித்தால் எஞ்சுவதையே அச்சொல் குறிக்க வேண்டும். 'இப்பனியாற்றின் நிறைச் சமநிலை தொடர்ந்து எதிர்மறையாக உள்ளது' என்று எழுதினால், சமநிலை எப்படி எதிர்மறையாகும் என்று மாணவர் கேட்பார், கேட்பது நியாயமே.

'நிறை வரவுசெலவு' என்பது என் பரிந்துரை. வரவு கூடினால் மிகை, செலவு கூடினால் பற்றாக்குறை என்று இயல்பாகத் தொடரலாம். களத்தில் நடப்பதும் இதுதான். பனியாற்றின் கீழ்ப்பகுதியில் பனிக்கட்டியைத் துளைத்துக் கழிகளை நட்டு, அடுத்த ஆண்டு கழி எவ்வளவு கூடுதலாக வெளியே தெரிகிறது என்று அளக்கிறார்கள். மேற்பகுதியில் சென்ற கோடையின் அழுக்குப் படலம் தென்படும் வரை குழி தோண்டி, புதுப்பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் அளந்து, கழி, குழி அளவுகள் இரண்டையும் நீர் நிகரளவாக (உருகினால் கிடைக்கும் நீரின் அளவாக) மாற்றிக் கணக்கிடுகிறார்கள். சுவீடனின் ஸ்டூர்கிளாசியாரன் பனியாற்றில் 1946 முதல் இவ்வளவீடு தொடர்கிறது. வரவும் செலவும் சரியாக ஒத்துப்போகும் உயரத்துக்குச் 'சமநிலைக் கோடு' என்பது பொருத்தமான பெயர். சமநிலை என்ற சொல்லை அதற்கென்றே விட்டுவைப்போம். வேதிப் பொறியியலில் 'நிறைச் சமநிலை' என்பது உள்வரும், வெளியேறும் நிறைகளின் சமன்பாட்டைக் குறிப்பதால், அங்கே அது இருக்கட்டும்.

வெப்பம் உயரும்போது இக்கோடு மேலேறுகிறது, பனியாகப் பெய்ய வேண்டியது மழையாகப் பெய்கிறது, வெண்பனி நீங்கி வெளிப்படும் மங்கலான பழைய பனிக்கட்டி வெயிலை மேலும் உறிஞ்சுகிறது. வரவுசெலவு அந்த ஆண்டே இதைக் காட்டிவிடும்; ஆனால் மேலே சேர்ந்த பனி கீழே நகர்ந்து வரக் காலம் பிடிப்பதால், பனியாற்றின் முகப்பு, அதாவது கீழ்முனை, பல ஆண்டுகள், பெரிய பனியாறுகளில் பல பத்தாண்டுகள் கழித்தே முழுமையாக எதிர்வினை காட்டும். எனவே 'பின்வாங்கல்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது. பின்வாங்கும் பனியாற்றிலும் பனிக்கட்டி கீழ்நோக்கியே நகர்கிறது. வந்து சேர்வதைவிட உருகுவது மிகுவதால் முகப்பு மட்டுமே மேலே செல்கிறது. இதை 'முகப்புப் பின்னடைவு' என்போம். கற்குவியல் தடிமனாக மூடிய பனியாறுகளில் முகப்பு பெரிதும் நகராமலே மேற்பரப்பு தாழ்வதுண்டு. அதற்கு 'மெலிதல்' என்ற தனிச்சொல் தேவை.

'குளிர்கால வரவு', 'கோடைச் செலவு' என்ற இணையைப் பொதுச்சொற்களாக ஏற்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மத்திய, கிழக்கு இமயத்தின் பனியாறுகள் பலவற்றில் பருவமழைக் காலத்தில்தான் பனி மிகுதியாகப் பெய்கிறது. உருகுவதும் அதே மாதங்களில்தான். ஆகவே பருவப் பெயரை நீக்கி, 'சேர்மானம்', 'கரைவிழப்பு' என்று செயலின் பெயராலேயே இவ்விரண்டையும் பட்டியலில் சேர்க்க முன்மொழிகிறேன்.