புதுப்பிப்பு: டெல்லி சரக்கு வண்டிகளுக்கு மின்-டிரக் மானியம்

போன பதிவில் மின் டிரக் வாங்க மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டம் தரும் மானியத்தைச் சொன்னதும், டெல்லி ஓக்லா பக்கமிருந்து நிறைய பேர் கேட்டது "சின்ன யானை சைஸ் வண்டிக்கு உண்டா?" என்றுதான். கிடையாது. மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்த்து) 3.5 டன்னுக்கு மேல் 55 டன் வரையுள்ள டிரக்குகளுக்குத்தான்.

கணக்கு இப்படி: பேட்டரி திறனில் ஒரு கிலோவாட்-மணிக்கு ₹5,000, அல்லது ஆலைவிலையில் (தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் விலை) 10%, எது குறைவோ அது. 100 கிலோவாட்-மணி பேட்டரி, ஆலைவிலை 40 லட்சம் என்றால் 5 லட்சம் இல்லை, 4 லட்சம்தான். இதோடு எடை வகுப்புவாரியாக உச்சவரம்பும் உண்டு, அதிகபட்சம் 9.6 லட்சம்.

மானியத்துக்கு பழைய வண்டியை உடைக்கக் கொடுத்ததற்கான ஸ்க்ராப் சான்றிதழ் வேணும், பலரும் சிக்குவது அதில்தான். பழைய டிரக்கைப் பதிவுபெற்ற ஸ்க்ராப் மையத்தில்தான் ஒப்படைக்கணும். காயலான் கடை ரசீது செல்லாது. உடைக்க வண்டி இல்லாதவர்கள் டிஜிஇஎல்வி (DigiELV) என்கிற இணையதளத்தில் சான்றிதழை விலைக்கு வாங்கலாம்.

மானியம் பில்லிலேயே கழிந்து வரணும். "முழுசா கட்டுங்க, அப்புறம் கிரெடிட் ஆகும்" என்கிற டீலரை நம்பாதீங்க, அந்தப் பணத்தை அரசிடமிருந்து திரும்பப் பெறுவது வண்டித் தயாரிப்பாளர் வேலை.