பின்பால் கிளெமன்ஸ் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஸ்காபுரோவிலிருந்து:

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் கனடிய ஃபுட்போல் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. நம்மவர்களில் பலர் கிரிக்கெட்டையும் உதைபந்தாட்டத்தையும் விட்டு வெளியே வருவதில்லை. வந்தாலும் ஐஸ் ஹொக்கியோடும் கூடைப்பந்தோடும் நின்றுவிடுகிறார்கள். ஆனால் தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் வாழ்ந்தவர்கள், அந்த நகரின் ஆர்கோநோட்ஸ் அணியில் ஆடிய பின்பால் கிளெமன்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாமல் இருந்திருக்க முடியாது. அவரை நேரில் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் அனுபவத்தை முதலில் பதிவு செய்கிறேன்.

நான் 1990-ஆம் ஆண்டு ஆர்கோநோட்ஸ் ஆடிய ஸ்கைடோம் அரங்கில் பகுதிநேர வேலை செய்தேன். குளிர்பானத் தட்டைக் கழுத்துப் பட்டியில் மாட்டிக்கொண்டு இருக்கை வரிசைகளுக்கு இடையே ஏறி இறங்கி விற்பதுதான் வேலை. ஆட்டத்தின் விதிகள் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எந்த நேரத்தில் ஒருவரும் என்னிடம் எதுவும் வாங்கமாட்டார்கள் என்பது மட்டும் விரைவில் தெரிந்துவிட்டது. எதிரணி பந்தை உயர உதைத்து ஆர்கோநோட்ஸ் அணியிடம் ஒப்படைக்கும் வேளை அது. காசை நீட்டிய கை அப்படியே நிற்க, வாங்க வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மைதானத்தின் மறுகோடியில் தனியே நிற்கும் 31-ஆம் இலக்கக்காரரைப் பார்ப்பார். நானும் படியிலேயே நின்று பார்க்கத் தொடங்கினேன்.

அந்த 31-ஆம் இலக்கக்காரர்தான் பின்பால். அவருடைய இயற்பெயர் மைக்கேல் கிளெமன்ஸ். புளோரிடா மாநிலத்தின் டனீடின் நகரில் வளர்ந்தவர். வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஆடியவர். 1987-இல் அமெரிக்க லீக்கின் கான்சஸ் சிற்றி அணி புதிய வீரர்களுக்கான தேர்வில் அவரை எட்டாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது, ஆனால் அமெரிக்காவில் அவரால் நிலைக்க முடியவில்லை. உயரம் 168 சென்ரிமீற்றர் அளவில்தான். எடை எண்பது கிலோவுக்கும் குறைவு. நூறு கிலோவுக்கு மேற்பட்ட தடுப்பாளர்கள் மோதும் ஆட்டத்தில் இப்படிப்பட்ட ஒருவருக்கு இடமில்லை என்று அங்கே முடிவு செய்திருப்பார்கள். 1989-இல் ஆர்கோநோட்ஸ் அணிக்கு அவர் வந்தபோது, மோதியவர்கள் மீது பட்டுத் தெறித்து மறுபக்கம் ஓடும் அவருடைய ஆட்டத்தைப் பார்த்த பயிற்சியாளர் பாப் ஓபிலோவிச், பின்பால் விளையாட்டு இயந்திரத்தில் தெறித்தோடும் குண்டை நினைத்துச் சூட்டிய பெயர்தான் பின்பால்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அவரைக் குள்ளமாக இருந்தும் சாதித்தவர் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதி, கனடிய ஆட்டத்தின் அமைப்பு அவருடைய உடலுக்கும் மனத்துக்கும் பொருந்திவந்தது என்பது. அமெரிக்க மைதானம் 100 யார்ட் நீளமும் 53 யார்ட்டுக்குச் சற்றே கூடிய அகலமும் கொண்டது. கனடிய மைதானம் 110 யார்ட் நீளமும் 65 யார்ட் அகலமும் கொண்டது. பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் ஆடினாலும் ஓரங்களில் ஓட இடம் கிடைக்கும். பத்து யார்ட் முன்னேற அமெரிக்காவில் நான்கு வாய்ப்புகள். இங்கே மூன்றே மூன்று. அதனால் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்கும் நிலை அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் பந்தைப் பிடிப்பவர் கையை உயர்த்திச் சைகை காட்டி, ஓடாமலே பாதுகாப்பாகப் பிடித்துக்கொள்ளலாம். கனடாவில் அந்த வசதி கிடையாது. அதற்குப் பதிலாக, பிடிப்பவர் பந்தைத் தொடும்வரை எதிரணியினர் அவரைச் சுற்றி ஐந்து யார்ட் விலகி நிற்க வேண்டும். தொட்ட அடுத்த கணமே பாயலாம்.

அந்த ஐந்து யார்ட் வட்டத்துக்குள் நின்ற பின்பாலை நான் படியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். பந்து கூரையை நோக்கி எழும்பித் திரும்பும். சுற்றிலும் நான்கைந்து பேர் குனிந்தபடி, வட்டத்தின் விளிம்பில் கால்களை அழுத்தி நிற்பார்கள். பந்து நெஞ்சில் விழும்போதே அவருடைய பாதங்கள் குறுகிய அடிகளாக அசையத் தொடங்கிவிடும். முதலாமவர் பாயும் பக்கத்துக்கே ஓரடி வைத்து, அவர் கை நீளும் கணத்தில் இடுப்பை மறுபக்கம் திருப்பிவிடுவார். யாழ்ப்பாணத்தில் கிளித்தட்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: கோட்டில் நிற்பவனை நம்பவைத்து, அவன் உடல் சாய்ந்த பிறகு எதிர்ப்பக்கத்தால் நுழைவது. ஆட்டம் எனக்குப் புரியத் தொடங்கியது அங்கிருந்துதான்.

அந்த 1990 பருவத்தில்தான் அவர் கனடிய ஃபுட்போல் லீக்கின் தலைசிறந்த வீரர் விருதைப் பெற்றார். அவர் சேர்த்த மொத்தம் 3,300 யார்ட். அப்போது அது சாதனை. ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர், என்று பெயர் பெற்ற அவர் வழக்கமான முறையில் பந்தை வாங்கி ஓடிச் சேர்த்தவை அதில் 519 யார்ட் மட்டுமே. எறிந்த பந்தைப் பிடித்து 905. ஆட்டத்தின் நடுவே எதிரணி உதைத்துக் கொடுத்த பந்தைத் திருப்பி ஓடியவை 1,045. ஆட்டத் தொடக்க உதைகளைத் திருப்பி ஓடியவை 831. அவரை வெறும் ஓட்டக்காரராக எண்ணிப் பார்த்தால் அவருடைய முழு வாழ்வும் கையைவிட்டு நழுவிவிடும். பன்னிரண்டு பருவங்களில் ஓட்டத்தால் 5,300 யார்ட்டுக்கும் மேல், பிடித்து 7,000-க்கும் மேல், எல்லாம் சேர்த்து 25,000-க்கும் மேல்.

1991-இல் வின்னிபெக்கின் கடுங்குளிரில் கல்கரியை 36–21 என்று வென்று, லீக்கின் வெற்றிக் கிண்ணமான கிரே கிண்ணத்தைக் கொண்டுவந்த அணியில் நட்சத்திர வீரர் ராக்கெட் இஸ்மாயிலின் பெயர்தான் பெரிதாகப் பேசப்பட்டது. ஹொக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் நகைச்சுவை நடிகர் ஜான் கேண்டியும் உரிமையாளர்களாக இருந்த காலம் அது. ராக்கெட் போய்விட்டார், உரிமையாளர்களும் மாறினார்கள், அரங்கில் கூட்டமும் குறைந்தது. பின்பால் மட்டும் ரொறன்ரோவை விட்டுப் போகவில்லை. அதற்காகவே இந்த நகரம் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஹமில்ரனிலிருந்து:

நான் இருப்பது ஆர்கோநோட்ஸின் பரம எதிரிகளின் ஊர். ஆனாலும் 1996-ஆம் ஆண்டு நவம்பரில் கிரே கிண்ண இறுதியாட்டம் ஐவர் வின் அரங்கில் நடந்தபோது, ரொறன்ரோவும் எட்மன்ரனும் மோதுவதைப் பார்க்க நண்பர்களோடு போனேன். தொடக்கத்திலிருந்தே பனி கொட்டியது. யார்ட் கோடுகள் மறைந்துபோக, பணியாளர்கள் கோடு தெரிவதற்காகப் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் பிளாஸ்ரிக் பைகளைக் காலுறைக்கு மேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரொறன்ரோ 43–37 என்று வென்றது.

பின்பால் வெறும் ஓட்டக்காரர் அல்ல என்று முதல் பதிவில் சொல்லப்பட்ட கருத்துக்கு அந்த ஆண்டுகளே நல்ல சான்று. டக் ஃப்ளூட்டி பந்து எறிபவராக வந்த பிறகு, முப்பது வயதைக் கடந்துவிட்ட பின்பால், பின்வரிசை ஓட்டத்தை ராபர்ட் டிரம்மண்டிடம் விட்டுவிட்டு, உள்வரிசையில் நின்று பந்தைப் பிடிப்பவராக மாறினார். ரன்னிங் பேக்குகளின் ஆயுள் குறுகியது. முழங்காலும் தோளும் அவர்களை முப்பதுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடும். தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வேறொரு வேலையைக் கற்றுக்கொள்ளும் பணிவு பலருக்கு வராது. இவருக்கு வந்தது, அடுத்த ஆண்டே, 1997-இல், 3,840 யார்ட் சேர்த்துத் தன் பழைய சாதனையைத் தானே முறியடித்தார். மீண்டும் கிரே கிண்ணம். அந்த முறை சஸ்காச்சுவானை 47–23 என்று வென்றார்கள். அந்த 3,840-ஐத் தாண்ட 2012 வரை ஒருவரும் வரவில்லை. தாண்டிய சாட் ஓவன்ஸும் உயரம் குறைந்தவர், ஆர்கோநோட்ஸ்காரர், உதைத்த பந்தைத் திருப்பி ஓடுவதில் வல்லவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

மார்க்கத்திலிருந்து:

நான் அவர் ஆடிப் பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்தபோது அவர் பயிற்சியாளராகிவிட்டார். 2000-ஆம் ஆண்டுப் பருவம் நடந்துகொண்டிருந்தபோதே தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அதோடு ஆட்டத்தையும் விட்டார். 2004-இல் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவை 27–19 என்று வென்றபோது, கிரே கிண்ணத்தை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்த இறுதியாட்டத்தை அப்பாவுடன் தொலைக்காட்சியில் பார்த்தேன். பந்தைப் பற்றி எதுவும் அறியாத அப்பா, எல்லைக்கோட்டின் ஓரத்தில் துள்ளிக்கொண்டும் வீரர்களைக் கட்டியணைத்துக்கொண்டும் இருந்த அந்தச் சிறிய மனிதரையே காட்டி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார், இவர் யார், ஏன் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று. பின்னர் நான் படித்த பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் பேச வந்தார். மேடையில் நின்று பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு நடுவே நடந்து நடந்து பேசினார். கடைசி வரிசையில் இருந்தவர்கள் வரை வந்துதான் திரும்பினார். ஒன்ராறியோவில் படித்த பலருக்கு இத்தகைய நினைவு இருக்கும்.

ஸ்காபுரோவிலிருந்து, மீண்டும்:

மார்க்கம் உறுப்பினர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பின்பால் ஆர்கோநோட்ஸ் அணியின் பொது மேலாளராக இருந்த 2022-இல், ரெஜைனாவில் நடந்த கிரே கிண்ண இறுதியாட்டத்தில் வின்னிபெக்கை ஒரே புள்ளி வித்தியாசத்தில், 24–23 என்று வென்றார்கள். அந்த அணியில் இருந்த ரன்னிங் பேக்குகளில் ஒருவர் ஆண்ட்ரூ ஹாரிஸ். வின்னிபெக்கில் பிறந்து, 2019-இல் அந்த ஊருக்கே 29 ஆண்டுகளின் பின் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவர். பின்பாலுக்கு நேர் எதிரான வகை: நடுவால் இடித்துக்கொண்டு போகும் ஓட்டம். மார்புத் தசை கிழிந்து பல வாரங்கள் வெளியே இருந்துவிட்டு இறுதிக்கட்டத்துக்குத் திரும்பி வந்தார். அவரைப் பற்றி எழுதும் தகுதி என்னைவிட வின்னிபெக்கில் இருப்பவர்களுக்கே அதிகம். 2019 இறுதியாட்டத்துக்காகக் கல்கரிக்குப் போனவர்கள் இருந்தால் அடுத்து எழுதுங்கள்.